போனது போக மிச்சம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வேதனைதான். மீன் குஞ்சு விட்டோம், வளரவில்லை. குஞ்சு விட்டோம், விடிந்து பார்த்தால் மிதக்கிறது. பங்குனி வெயில் ஏறியதும் நம் வேலூர்ப் பக்கத்துக் குட்டைகளில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். மீன் அத்தனையும் அப்படியே இருக்கும், அது இருக்கும் இடம் மட்டும் பாதியாகும். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, நெருக்கத்தைப் பற்றி வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு வணக்கம். எங்கள் பண்ணைக்குட்டை 25 சென்ட், ஐந்தடித் தண்ணீர். போன ஆவணியில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை மூன்றும் கலந்து 10,000 குஞ்சு விட்டேன். ஒரு அங்குலம் இருந்தது. "நிறைய விடுங்க, போனது போக மிச்சம் நிக்கும்" என்று கொடுத்தவர் சொன்னார். ஏழு மாதம் ஆகிறது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் தவறாமல் போடுகிறேன். வலை போட்டதில் நூறு மீன் மூன்று கிலோதான் வந்தது. அதே குட்டையில் நாலைந்து கட்லா மட்டும் அரைக் கிலோ இருக்கிறது. குஞ்சு மட்டமா, குட்டை மட்டமா?
— இளம் விவசாயி, குடியாத்தம் பக்கம்

தம்பி, குஞ்சு மட்டமில்லை. அதே தண்ணீரில், அதே தீனியில் அரைக் கிலோவைத் தொட்ட அந்த நாலைந்து கட்லாவே அதற்குச் சாட்சி. குட்டையும் மட்டமில்லை. ஏழு மாதம் இத்தனை உயிரைத் தாங்கி நிற்கிறதே.

ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு என்னோடு கணக்குப் போடு. 25 சென்ட் என்பது சுமார் 1,000 சதுர மீட்டர், ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு அங்குலக் குஞ்சு கால் கிராம் இருக்கும். 10,000 குஞ்சும் சேர்ந்து இரண்டரைக் கிலோ. அந்த வயதில் இது நெருக்கமே இல்லை. ஒரு அங்குலக் குஞ்சை விரல் நீளத்துக்கு வளர்க்கும் குட்டையில் ஹெக்டேருக்கு இரண்டு, மூன்று லட்சம் விடுவது வழக்கம். நீ விட்டது ஹெக்டேருக்கு ஒரு லட்சக் கணக்குதான். முதல் இரண்டு மாதம் உன் குஞ்சுகள் தாராளமாகவே இருந்திருக்கும்.

இப்போது ஒன்று 30 கிராம். 7,000 பிழைத்திருந்தால் 210 கிலோ. தவிடும் புண்ணாக்கும் போட்டு, காற்றூட்டும் இயந்திரம் இல்லாமல் வளர்க்கும் கெண்டைக் குட்டையில் ஹெக்டேருக்கு வருஷத்துக்கு மூன்று முதல் ஐந்து டன் எடுத்தால் நல்ல விளைச்சல். உன் குட்டைக்கு அது 300 முதல் 500 கிலோ. 7,000 மீனும் கிலோவுக்கு வளர வேண்டுமென்றால் ஏழு டன். அதை அந்தத் தண்ணீரிடம் கேட்பது நியாயமா? வளர்ப்புக் குட்டைக்கு ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 விரலளவுக் குஞ்சு என்பது நெடுநாள் கணக்கு. உனக்கு 500 முதல் 1,000. அதைவிடப் பத்து மடங்கு விட்டிருக்கிறாய்.

இதில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நெருக்கத்தைத் தலை எண்ணி அளக்க முடியாது. எடையில்தான் அது இருக்கிறது. ஆவணியில் விட்ட அதே எண்ணிக்கை, ஒரு மீன்கூடக் கூடாமலே, தை பிறக்கும்போது குட்டையை அடைத்துவிடும். குஞ்சு விட்ட அன்றைக்குக் கூட்டம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

நம் பெரியவர்களுக்குப் பயிரில் இது தெரிந்திருந்தது. "நண்டோட நெல்லு, நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை" என்று ஒவ்வொன்றுக்கும் இடைவெளி சொல்லி வைத்தார்கள். வளர்ந்தபின் எவ்வளவு இடம் வேண்டுமோ அதை நடும்போதே விட்டார்கள். தென்னங்கன்று சின்னதாக இருக்கிறதே என்று யாரும் நெருக்கி நடவில்லை. "அடர விதைத்தால் போர் உயரும், கலக்க (இடைவிட்டு) விதைத்தால் களஞ்சியம் நிறையும்" என்றும் சொன்னார்கள். உன் குட்டையில் இப்போது இருப்பது வைக்கோற்போர்.

அப்புறம் அந்த "போனது போக மிச்சம்". 2003 ஆடியில் நானும் இதே வார்த்தையை நம்பினேன். அணைக்கட்டுப் பக்கம் எங்கள் கிணற்று மேட்டில் ஐந்து சென்ட் நாற்றங்கால் குட்டை ஒன்று இருந்தது. முட்டை பொரித்து மூன்று நாள் ஆன நுண்குஞ்சு வாங்கி, இருபது நாள் வளர்த்து, ஒரு அங்குலமானதும் விற்பது எங்கள் பிழைப்பு. நுண்குஞ்சுக்கு மண்குட்டையில் ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம் கணக்கு. எங்கள் ஐந்து சென்ட்டுக்கு மிஞ்சிப்போனால் ஒரு லட்சம். அந்த வருஷம் குஞ்சு கொடுத்தவர் கையில் நிறைய மீந்திருந்தது. இரண்டாவது லட்சத்தைப் பாதி விலைக்குத் தந்தார். எங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். சாகிறது செத்தாலும் மிச்சம் கூடத்தானே நிற்கும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

முதல் மூன்று நாள் குட்டை முழுக்கக் கண்ணும் வாலுமாகக் குஞ்சு மின்னியது. அந்தப் பருவத்தில் அது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்ப்பூச்சிகளைத்தான் தின்னும், புண்ணாக்கு வெறும் துணைத் தீனி. இரண்டு லட்சம் வாய் சேர்ந்து அந்தப் பூச்சியை நாலு நாளில் தின்று தீர்த்துவிட்டன. பசிக்கிறதே என்று நான் புண்ணாக்கைக் கூட்டினேன். தின்றது போக மீதி அடியில் அழுகியது. பன்னிரண்டாம் நாள் விடியற்காலை கரையோரம் வெள்ளை வரிசை. மிஞ்சியதைத் தேநீர் வடிகட்டியால் அள்ளி அளந்தேன். 11,000. ஒரு லட்சம் விட்ட வருஷங்களில் 35,000க்குக் குறைந்ததே இல்லை. அந்த 11,000மும் அரை அங்குலத்தைத் தாண்டவில்லை. ஒடுகத்தூரிலிருந்து வந்த வாடிக்கைக்காரர் பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பிப் போனார். நுண்குஞ்சு வளர்ப்பில் பாதிக்கு மேல் சாவது சகஜம் என்பதாலேயே கூட விடுகிறோம், கூட விடுவதாலேயே இன்னும் அதிகமாகச் சாகிறது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாடம் இது.

முன்பெல்லாம் ஆற்றில் வெள்ளம் வரும்போது வலை கட்டிக் குஞ்சு பிடிக்க வேண்டும். கிடைப்பதே அரிது, வீணாக்க மாட்டார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, அலிகுன்ஹி என்ற இரண்டு மீன் விஞ்ஞானிகள் கெண்டைக்குப் பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர்களால்தான் என்னைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு வந்தது, அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் குஞ்சு மலிந்ததும், அதை அள்ளிக் கொட்டும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

நெருக்கத்தில் மீனுக்கு என்னதான் ஆகிறது என்று நீ கேட்கலாம். முதலில் பிராணவாயு. பகலில் பாசி அதைத் தருகிறது, இரவில் மீனோடு சேர்ந்து பாசியும் அதையே எடுத்துக்கொள்கிறது. விடிவதற்கு முன், நாலிலிருந்து ஆறு மணிக்குள் குட்டையில் அது மிகவும் குறைந்துபோகும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை நன்றாகத் தின்று வளரும், 3க்குக் கீழே போனால் தவிக்கும். வெயில் தண்ணீருக்குப் பிராணவாயுவைப் பிடித்துவைக்கும் சக்தியும் குறைவு. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான்.

அடுத்தது அம்மோனியா. மீன் தின்ற புரதத்தின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. அதில் ஒரு பங்குதான் நஞ்சு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதைத் தண்ணீரின் சூடும் பி.எச். அளவும் (அமிலமா காரமா என்று சொல்லும் எண்) தீர்மானிக்கும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. 9 ஆனால் ஏறக்குறைய 45 பங்கு. பாசி பிடித்த பச்சைத் தண்ணீரில் மத்தியான வெயிலில் பி.எச். 9க்கு ஏறுவது சாதாரணம். தஞ்சாவூரில் சரியாக வரும் அடர்த்தி நம் ஊர்க் கோடையில் சரிவராததற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது. இடிபட்டுக்கொண்டே இருக்கும் மீனின் உடம்பில் கார்ட்டிசால் என்ற சுரப்பு ஏறி நிற்கும். அது ஏறினால் பசி குறையும், தின்றதும் சதையாகாது, நோயைத் தாங்கும் சக்தி போகும். செவுள் பூச்சி, வெள்ளைப் புள்ளி, மீன் பேன், வால் அழுகல் எல்லாம் கூட்டத்தில்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வேன்.

உன் நாலைந்து கட்லா கதையும் இதுதான். முதல் மாதத்தில் ஒரு நூல் முந்திய குஞ்சு தீனிக்கு முதலில் வரும், இன்னும் முந்தும். மற்றவை ஒதுங்கும். தீனி ஒரே மூலையில் போட்டாயா? அப்படியென்றால் வேற்றுமை இன்னும் கூடும். சாக்கில் ஓட்டை போட்டு நாலைந்து இடத்தில் கட்டித் தொங்கவிடு.

இப்போது செய்ய வேண்டியது: ஒருநாள் தீனியை நிறுத்து. மறுநாள் வெயில் ஏறுமுன் வலை இழு. 800 மீனைக் குட்டையில் விட்டுவிட்டு மீதியை வெளியேற்றப் பார். ஒரே நாளில் முடியாது, மூன்று நாலு தடவையாகச் செய். பக்கத்தில் வற்றாத கிணறோ குட்டையோ வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். கோடை முழுக்கப் போர் தண்ணீர் விட்டு நாலடியாவது நிறுத்த முடியுமானால் 2,000 வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கான காரணத்தைக் கீழே காவேரிப்பாக்கத்துக்காரருக்கு எழுதியதில் படி. போர் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராக விடாதே. அதில் பிராணவாயு மிகக் குறைவு. ஓட்டை போட்ட தகரத்தில் விழுந்து சிதறி இறங்கட்டும். மும்முனைக் கரண்டு எப்போது வருகிறதோ அப்போது என்றில்லாமல், முடிந்தால் விடியற்காலையில் ஓட்டு.

நாங்கள் சுயஉதவிக் குழுவில் ஆறு பேர். ஏரிக் குத்தகைக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு அங்குலக் குஞ்சு 5,000 வாங்கிப் புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டியில் விட்டோம். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடித் தண்ணீர். மூன்றாம் நாளிலிருந்து காலையில் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, சாகிறது. தினமும் ஒரு கிலோ புண்ணாக்கு ஊறவைத்துப் போடுகிறோம். நெருக்கம்தான் காரணமா?
— கே.வி. குப்பம்

தங்கச்சிகளே, உங்கள் தொட்டியில் மீன் நெருக்கம் அவ்வளவு இல்லை. புண்ணாக்குதான் நெருக்கம்.

உங்கள் தண்ணீர் 4,200 லிட்டர் சொச்சம். 5,000 குஞ்சின் எடை மொத்தமே ஒன்றேகால் கிலோ. அதற்குத் தினமும் ஒரு கிலோ தீனி என்றால், ஐம்பது கிலோ ஆள் முன்னால் நாற்பது கிலோ சோற்றைக் கொட்டுவது போல. இந்த வயதுக்கு உடல் எடையில் நூற்றுக்கு எட்டிலிருந்து பத்துப் பங்கு போதும். 100 முதல் 125 கிராம், அதையும் காலை மாலை பிரித்து. மீதி 900 கிராமும் அழுகி, அங்குள்ள பிராணவாயுவைக் குடித்து, அம்மோனியாவையும் கூட்டியிருக்கிறது.

இன்னொன்று, புதுத் தொட்டி என்கிறீர்கள். புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச். ஏறும். மேலே குடியாத்தத்துத் தம்பிக்கு எழுதிய கணக்கைப் பாருங்கள், பி.எச். ஏறினால் அதே அம்மோனியா எத்தனை மடங்கு நஞ்சாகிறது என்று தெரியும். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டுத் தண்ணீர் நிரப்பி, பத்து நாள் ஊறவிட்டு இறைத்து, இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்த பிறகே குஞ்சு விட வேண்டும். இப்போதைக்குக் குஞ்சைப் பழகிய தொட்டிக்கோ, குட்டையில் கட்டிய ஹாப்பாவுக்கோ (வலைத்துணிப் பெட்டி) மாற்றுங்கள். பாதித் தண்ணீரை இன்றைக்கே இறைத்துப் புதுத் தண்ணீரைத் தூவலாக விடுங்கள். இரண்டு நாள் தீனியே வேண்டாம்.

பையில் அடைக்கும் முந்தின நாளும் பட்டினி போட மறக்காதீர்கள். பாவம் பார்த்துக் கடைசியாக ஒருவாய் ஊட்டி அனுப்பினால், போகிற வழியில் பைக்குள்ளேயே கழிவு விட்டு, அந்த நஞ்சிலேயே செத்துப்போகும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். குத்தகைக்காரர் ஏரிக்குப் போனதும் பையை அப்படியே கால் மணி நேரம் மிதக்கவிட்டு, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிறகு திறக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லிக் கொடுப்பவரிடம்தான் அடுத்த வருஷமும் வாங்க வருவார்கள்.

ஏரிக் குத்தகை எடுக்கிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பினால் சித்திரை வைகாசி வரைதான் தண்ணீர். ஆந்திராவிலிருந்து ஒரு வயது ஆன குஞ்சு வருகிறது, 100 கிராம்தான் இருக்கிறது, விலையோ அதிகம். வேண்டுமென்றே நெருக்கி அடைத்து, அரைப்பட்டினி போட்டு வளராமல் நிறுத்தி வைத்ததாம். ஒரு வருஷம் வளராதது இனிமேல் வளருமா? ஏமாற்று வேலையா?
— காவேரிப்பாக்கம் பக்கம்

ஐயா, இது ஏமாற்று வேலை இல்லை. நெருக்கத்தைப் பற்றி மனிதன் கண்டுபிடித்ததிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் என்பேன்.

ஆந்திராவில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள மீன்காரர்கள் பல வருஷமாகச் செய்வது இது. குஞ்சை நெருக்கமாக விட்டு, தீனியைக் குறைத்து, பல மாதம், சில சமயம் ஒரு வருஷம் வரை வைத்திருப்பார்கள். உடம்பு வளராது, வயது மட்டும் ஏறும். பிறகு இடமும் தீனியும் உள்ள பெரிய தண்ணீரில் விட்டால், விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் வளரும். இதை ஈடுகட்டும் வளர்ச்சி என்று சொல்கிறார்கள். அதாவது நெருக்கம் மீனின் வளர்ச்சியை நிறுத்துகிறதே தவிர, வளரும் சக்தியைப் பிடுங்கிவிடுவதில்லை.

உங்களைப் போல ஆறு ஏழு மாதத் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். கார்த்திகையில் ஒரு அங்குலக் குஞ்சு விட்டால் அதில் பாதியைக் கொக்கும் நீர்க்காகமும் விராலும் முடித்துவிடும். பிழைத்தது கறிக்கு ஆகுமுன் ஏரி வற்றிவிடும். 100 கிராம் மீனை அவ்வளவு சுலபமாக விழுங்க முடியாது. எங்கள் ஊர்ச் சித்தேரியில் ஒரு வருஷம் அப்படி விட்டதில், ஏப்ரல் கடைசியில் பிடிக்கும்போது பெரும்பாலானவை முக்கால் கிலோவைத் தொட்டிருந்தன.

ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். நெருக்கி வைத்தாலும் தண்ணீர் நன்றாக இருந்திருக்க வேண்டும். பிராணவாயு இல்லாமல், அம்மோனியாவில் செவுள் வெந்துபோன மீன் திரும்பி எழாது. இரண்டாவது, கால் அரை அங்குலப் பருவத்தில் பட்டினி போடவே கூடாது. பொரித்து மூன்று நாளில் மஞ்சள் கரு தீர்ந்ததும் அதற்கு வாய்க்கு எட்டும் தூரத்தில் தீனி இருக்க வேண்டும். ஒரு அளவுக்கு மேல் பசித்துவிட்டால் அப்புறம் தீனி கொடுத்தாலும் தின்ன அதற்குத் தெம்பு இருக்காது. என் இரண்டு லட்சத்துக்கு நடந்தது இதுதான்.

வாங்கும்போது பெரிய அன்னக்கூடையில் தண்ணீர் எடுத்து, பத்து மீனை விட்டு, கையால் வட்டமாகச் சுழற்றுங்கள். திடமான மீன் சுழலை எதிர்த்து ஓரமாக நீந்தும். நோஞ்சான் நடுவில் போய்ச் சேரும். தலை பெருத்து முதுகு சூம்பியிருந்தால் விலையே பேசாதீர்கள். துடுப்பு முழுதாக, செதில் உதிராமல், செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தால் ஒரு வயது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்குங்கள்.

இன்னும் ஒன்று கேட்பேன். ஏன் கொல்லேறு வரை போக வேண்டும்? காவேரிப்பாக்கம் பல்லவர் காலத்து ஏரி. அதைச் சுற்றி எத்தனை சின்ன ஏரிகள், எத்தனை குத்தகைக்காரர்கள்! கோடையிலும் வற்றாத பண்ணைக்குட்டை வைத்திருப்பவர் மூன்று பேர் சேர்ந்தால் இங்கேயே ஆடியில் குஞ்சு வாங்கி, அடுத்த கார்த்திகை வரை நிறுத்தி வைத்து விற்கலாம். அதனால்தான் குடியாத்தத்துத் தம்பியிடம் கொஞ்சம் வைத்துக்கொள் என்றேன். அவன் குட்டையில் இருப்பது தோற்றுப்போன மீன் இல்லை. ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிற மீன். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் தேடிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

விரால் குஞ்சு 2,000 தொட்டியில் விட்டேன். சாவு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு மாதம் கழித்து எண்ணினால் 600. திருட்டா?
— ஆற்காடு

திருட்டு இல்லை, ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. விரால் தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் குஞ்சையும் விழுங்கும். செத்தது மிதந்தால்தானே கண்ணில் படும்?

விராலுக்கு நெருக்கம் வேறு விதமாக வேலை செய்கிறது. அது மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், பிராணவாயு குறைந்தால் கெண்டை போலச் சாகாது. அதனாலேயே நிறைய விடலாம் என்று நினைக்கிறோம். ஏரியில் செந்நிறமாக உருண்டையாகத் திரியும் விரால் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அத்தனை நெருக்கத்திலும் அப்போது ஒன்றை ஒன்று தொடாது, ஏனென்றால் எல்லாம் ஒரே அளவு. ஒன்று நீண்டு ஒன்று குட்டையானதும்தான் வினை. வாரம் ஒருமுறை அளவு பிரித்து வேறு வேறு தொட்டியில் போடுங்கள். தீனியை ஒரு நாளைக்கு நாலு தடவையாகக் கொடுங்கள். ஒதுங்கி மறைய ஆகாயத்தாமரை கொஞ்சம் மிதக்கட்டும், ஆனால் மேற்பரப்பை முழுக்க மூடவிடாதீர்கள். காற்றுக்கு மேலே வர முடியாவிட்டால் விரால் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

கிணற்றில் இருபது ஜிலேபி விட்டேன். இரண்டு வருஷத்தில் கிணறு நிறைய மீன். ஒன்றுகூட உள்ளங்கையைத் தாண்டவில்லை.
— பேரணாம்பட்டு

நீங்கள் நெருக்கவில்லை, அதுவே பெற்று நெருக்கிக்கொண்டது. 1952இல் நம் நாட்டுக்கு வந்த பழைய ஜிலேபி, இடம் குறுகினால் சின்ன உடம்பிலேயே பருவத்துக்கு வந்து முட்டையிட ஆரம்பித்துவிடும். குஞ்சை வாயில் வைத்துக் காப்பதால் சாவும் குறைவு. மொத்தத்தையும் இறைத்துப் பிடித்துச் சமைத்துவிடுங்கள். அடுத்து, ஜிலேபி வகையிலேயே வேகமாக வளரும்படி மேம்படுத்திய கிஃப்ட் திலேப்பியாவை, ஆண் குஞ்சு மட்டும் உள்ளதாகப் பதிவு பெற்ற பண்ணையில் கேட்டு, எண்ணி விடுங்கள்.

தார்ப்பாய்த் தொட்டியில் காற்று விட்டு அடர்த்தியாக வளர்க்கும் முறையில் இறங்கலாமா? ஒரு சென்ட் இடத்தில் ஒரு ஏக்கர் வருமானம் என்கிறார்கள்.
— ஆம்பூர்

உங்கள் வீட்டில் நள்ளிரவு கரண்டு போனால் பத்து நிமிஷத்தில் எழுந்து மாற்று இயந்திரத்தை ஓட்ட ஆள் உண்டா? உண்டு என்றால் ஒரு தொட்டியோடு ஆரம்பியுங்கள். இல்லையென்றால் வேண்டாம். அந்த அடர்த்தியில் காற்று நின்ற ஒரு மணி நேரத்தில் ஒரு வருஷ உழைப்பு மிதந்துவிடும். கடன் வாங்கி இறங்கி, முதல் கோடையிலேயே தொட்டியை மடித்து வைத்த மூன்று பேரை எனக்குத் தெரியும், மூவரும் சோம்பேறிகள் இல்லை.

பாட்டி, எங்கள் வீட்டில் ஒரு அடி கண்ணாடித் தொட்டியில் மூன்று தங்கமீன் இருக்கு. மீன் தொட்டி அளவுக்குத்தான் வளரும், அதனால் சின்னத் தொட்டி போதும் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?
— ஏழாம் வகுப்பு மாணவி, சத்துவாச்சாரி

கண்ணு, நீ வரைந்து அனுப்பிய படத்தில் மூன்றாவது மீனுக்கு மட்டும் வால் ஓரம் கிழிந்த மாதிரி கோடு போட்டிருக்கிறாய். அது நீ பார்த்தபடியே வரைந்ததா? அப்படியானால் நீ நன்றாகக் கவனிக்கிறாய்.

தங்கமீன் கெண்டைச் சாதிதான். அதற்குத் தொட்டியின் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று பார்த்து வளர்ச்சியை நிறுத்தத் தெரியாது. சின்னத் தொட்டியில் கழிவு சேர்ந்து தண்ணீர் கெடுகிறது, கெட்ட தண்ணீரில் அதற்கு வளர முடியவில்லை. கடைக்காரர் கண்டது சரி, வளரவில்லை. ஆனால் அதற்குச் சின்னத் தொட்டி போதும் என்பது தப்பு.

வாரம் ஒருமுறை தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்று. குழாய்த் தண்ணீரை முந்தின நாளே பக்கெட்டில் பிடித்துத் திறந்து வை, குளோரின் போகட்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றாதே. தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும். அப்பாவிடம் கேட்டு இரண்டடித் தொட்டி வாங்கும்வரை, வால் கிழிந்ததைத் தனியாக ஒரு அகலமான பாத்திரத்தில், நிழலில் வைத்துப் பார். பதினைந்து நாள் கழித்து அதன் வாலை மறுபடி வரைந்து எனக்கு அனுப்பு.